வலிக்காத இடுப்புக்குத்தான் இப்போது அவசரம்

திருகோணமலை மாவட்டத்துக் கரையோர ஊர் ஒன்றிலிருந்து 39 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் இரண்டையும் விட்டுவிடுகிறேன். கடிதம் நாலு பக்கம். சாரம் இதுதான்.

16 வருடமாகச் சிலிண்டர் கட்டிக் கடலட்டையும் சங்கும் குளிக்கிறவர். ஒரு நாளைக்கு நாலு, ஐந்து சிலிண்டர். பன்னிரண்டு பாகத்தில் (ஒரு பாகம் ஆறு அடி ஆழம்) தொடங்கி, அட்டை குறையக் குறைய இப்போது பதினைந்து பாகம் வரை இறங்குகிறார். போன வருடம் வலது முழங்கால் நோகத் தொடங்கியது. முழங்காலை எக்ஸ்றே எடுத்துப் பார்த்து "ஒன்றும் இல்லை, தேய்மானம்" என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். எட்டு மாதம் அதில் போனது. பிறகு கவட்டுக்குள் இழுக்கிற மாதிரி வலி வந்தது. சப்பாணி கட்டி இருக்க முடியவில்லை. சாரத்தைக் கட்டிக்கொண்டு குனிந்து செருப்புப் போட முடியவில்லை. கடைசியில் ஒரு எலும்பு வைத்தியர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்ல, இரண்டு இடுப்புப் பந்திலும் எலும்புத் திசு இறந்திருப்பது தெரிந்தது. வலது மூன்றாம் கட்டம், பந்து சரிந்துவிட்டது. இடது இரண்டாம் கட்டம், பந்து இன்னும் உருண்டையாகத்தான் இருக்கிறது. "இடதைத் துளைத்துவிட வேண்டும், வலதை மாற்ற வேண்டியிருக்கும்" என்றாராம் வைத்தியர்.

வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கொரு யோசனை. மாமனார் முறிவு நெரிவு வைத்தியரிடம் கூட்டிப்போய் எண்ணெய் போட்டு உருவ வைத்தார். கனடாவிலுள்ள மச்சான் "காசு அனுப்புறன், கொழும்பில பிரைவேட்டில ரெண்டையும் ஒரேயடியா மாத்து" என்கிறார். படகு முதலாளி, மாரி முடிந்து கடல் தணிந்ததும் தொழிலுக்கு வரச் சொல்கிறார். வாங்கிய முற்பணம் இன்னும் கழியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் இது எலும்புப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வாசகரின் கேள்விகள்: எலும்பு அழுகுகிறதா? இந்த வயதில் மூட்டு மாற்றலாமா? வலியே இல்லாத இடதை ஏன் துளைக்க வேண்டும்? திரும்பக் கடலுக்குப் போகலாமா?

தம்பி, முதலில் பக்கத்து வீட்டுக்காரரின் வைத்தியத்தை முடித்துவிடுவோம். இது புற்றுநோய் இல்லை. அழுகலும் இல்லை, கிருமி எதுவும் உள்ளே போகவில்லை. மற்ற உறுப்புகளுக்கோ பிள்ளைகளுக்கோ பரவுகிற வருத்தம் இல்லை. அந்தப் பயத்தை இறக்கி வைத்துவிட்டு மிச்சத்தை வாசியுங்கள்.

எலும்பு எப்படிச் சாகிறது

தொடை எலும்பின் மேல் முனையில் ஒரு பந்து, இடுப்பெலும்பில் அதற்கு ஒரு கிண்ணம். இதுதான் இடுப்பு மூட்டு. அந்தப் பந்துக்கு இரத்தம் போகிற வழி மிக ஒடுக்கம். பந்துக்குக் கீழே இருக்கும் கழுத்தை ஒட்டி மேலே ஏறும் சில மெல்லிய நாளங்களை நம்பித்தான் அது உயிரோடு இருக்கிறது. அவை அடைபட்டால் சுற்றுப்பாதை என்று சொல்ல அதிகம் இல்லை. இதை அவாஸ்குலர் நெக்ரோசிஸ், சுருக்கமாக ஏ.வி.என். என்கிறோம்.

ஆனால் செத்த எலும்பு அன்றைக்கே உடைவதில்லை. உடம்பு அதைப் பழுதுபார்க்க வருகிறது. செத்த எலும்பை அரித்து எடுக்கும் செல்கள் வேகமாக வேலை செய்கின்றன, புது எலும்பு வைக்கும் செல்களோ அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. மேசன்மார் பழைய தூணை இடித்துவிட்டுப் புதுத் தூணுக்குச் சிமெந்து வரவில்லை என்று போய்விட்டால் மேலே இருக்கிற கூரை என்னாகும்? அந்த இடைக்காலத்தில்தான், நீங்கள் நடக்கிற பாரம் தாங்காமல், குருத்தெலும்புக்கு அடியில் ஒரு சின்ன முறிவு விழுகிறது. எக்ஸ்றேயில் அது வெட்டிப்போட்ட நகத்துண்டு மாதிரி ஒரு பிறைக் கோடாகத் தெரியும். அதற்குப் பிறகு பந்து உருண்டையாக இருப்பதில்லை.

மூட்டு மாற்றும்போது வெளியே எடுத்த பந்தைக் கையில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மேலே குருத்தெலும்பு சில இடங்களில் வழுவழுவென்று நல்லபடியாகவே இருக்கும். பெருவிரலால் அழுத்தினால் நசுங்கிய மேசைப்பந்து போல உள்ளே போகும். குறுக்காக வெட்டினால் மேற்பக்கத்தில் ஒரு ஆப்பு வடிவத்தில் மட்டும் மஞ்சளாக, சோக்குக்கட்டி மாதிரி இருக்கும். மற்ற இடமெல்லாம் சிவந்த, உயிருள்ள எலும்பு. அந்த ஆப்பு எவ்வளவு பெரிது, பாரம் விழும் இடத்தில் இருக்கிறதா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

முழங்கால் கதைக்கும் ஒரு வார்த்தை. இடுப்பு மூட்டின் வலி முழங்காலில் தெரிவது அபூர்வம் இல்லை, இரண்டுக்கும் போகும் நரம்புகள் பொதுவானவை. முழங்கால் எக்ஸ்றே சுத்தமாக இருந்தால் இடுப்பைத் திருப்பிப் பார்க்க வேண்டும். உங்களுக்கு அந்த எட்டு மாதம் வீணானது வருத்தம்தான். ஆனால் இது எங்கும் நடக்கிற தவறு. தொடக்கத்தில் இடுப்பையே எக்ஸ்றே எடுத்திருந்தாலும் ஒன்றும் தெரியாமல் போயிருக்கலாம். முதற்கட்டத்தைக் காட்டுவது எம்.ஆர்.ஐ. தான்.

உங்களுக்கு ஏன் வந்தது

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில், "கடலால வந்தா கால் போத்தல் எடுக்கிறது வழக்கம்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நாளாந்தம் குடிப்பது இந்த நோய்க்கு நன்றாக அறியப்பட்ட காரணங்களில் ஒன்று. ஸ்டீரோயிட் மாத்திரை நீண்ட காலம் எடுப்பது இன்னொன்று. தொடையெலும்புக் கழுத்து முறிவதும் இடுப்பு மூட்டு விலகுவதும் வேறு காரணங்கள். அரிவாள் செல் இரத்தச்சோகை, லூப்பஸ் போன்ற வருத்தங்களிலும் வரும். ஆனால் உங்கள் விஷயத்தில் என் கண் முதலில் போவது சிலிண்டரில்தான்.

பத்து மீற்றருக்கு ஒருமுறை நீரின் அழுத்தம் ஒரு வளிமண்டலம் கூடுகிறது. பதினைந்து பாகம் என்றால் 27 மீற்றர். அந்த அழுத்தத்தில் மூச்சு வாங்கும்போது காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைகிறது. இடுப்புப் பந்துக்குள் இருப்பது கொழுப்பு நிறைந்த மச்சை. மெதுவாக ஏறினால் நைதரசன் நுரையீரல் வழியே ஆறுதலாக வெளியேறும். விறுக்கென்று ஏறினால், சோடாப் போத்தல் மூடியைத் திறந்ததுபோல உள்ளேயே குமிழி விடும். அந்தக் குமிழிகள் நாளங்களை அடைக்கும். ஒருநாள் பிசகால்தான் வரும் என்றில்லை. பல வருடம் சிறுகச் சிறுகவும் சேரும், கடலை விட்டு மாதங்கள், ஏன் வருடங்கள் கழித்தும் வெளிப்படும். 1911ஆம் ஆண்டிலேயே, ஜேர்மனியின் ஹம்பர்க்கில் எல்பா ஆற்றுக்கு அடியில் அழுத்தக் காற்றுக்குள் சுரங்கம் தோண்டிய தொழிலாளர்களிடம் இதைக் கண்டு எழுதிவைத்திருக்கிறார்கள்.

இதைச் சொல்வது உங்களைக் குற்றவாளி ஆக்க அல்ல. கிளினிக்கில் நீங்கள் "மீன்பிடி" என்று மட்டும் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்த முறை சிலிண்டர் கட்டி இறங்குகிறவன் என்றே சொல்லுங்கள். சுழியோடிகளுக்கு இடுப்போடு தோள்மூட்டிலும் இது வரும். இரண்டு தோளையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அதுவும் ஒப்பரேஷனுக்கு முதல், ஏனென்றால் அதற்குப் பிறகு ஊன்றுகோலில் உங்கள் பாரம் முழுக்கத் தோளில்தான் இறங்கப்போகிறது.

இடது இடுப்பு

இனித்தான் உங்கள் கடிதத்தின் முக்கியமான கேள்வி. நோகிற வலதை விட்டுவிட்டு நோகாத இடதுக்கு ஏன் அவசரம்?

வலது பந்து சரிந்துவிட்டது. சரிந்ததை எந்த மருந்தும் எந்தத் துளையும் திரும்ப உருண்டையாக்காது. அங்கே இழக்க வேண்டியதை இழந்தாயிற்று. மாற்றுவதை இந்த மாதம் செய்தாலும் ஆறு மாதம் கழித்துச் செய்தாலும் பொதுவாக அதே ஒப்பரேஷன்தான், நடுவில் நீங்கள் படும் வலிதான் வித்தியாசம். இடது அப்படி இல்லை. அது இன்றைக்கு உருண்டை, நாளைக்கு எப்படியோ தெரியாது. அதைக் காப்பாற்ற ஒரு கால அவகாசம் இருக்கிறது, அது சரிந்த அன்றே முடிந்துவிடும். வலி இல்லை என்பதைச் சுகம் என்று எடுக்க வேண்டாம்.

செய்வது இதுதான். தொடையின் வெளிப்பக்கத்தில் சிறு கீறல். எக்ஸ்றேத் திரையைப் பார்த்துக்கொண்டே எலும்புக்குள் துளைத்துச் செத்த பகுதி வரை போவார்கள். உள்ளே ஏறியிருக்கும் அழுத்தம் இறங்கும், புது நாளங்கள் வளர வழி திறக்கும். சிலர் இடுப்பெலும்பிலிருந்து மச்சையை எடுத்துச் செறிவாக்கி அந்தத் துளைக்குள் விடுவார்கள், சிலர் எலும்புத் துண்டு வைப்பார்கள். எது சிறந்தது என்பதில் வைத்தியர்களுக்குள் ஒரே கருத்து இல்லை. எல்லோரும் ஒத்துக்கொள்வது ஒன்று: செத்த பகுதி சிறிதாக இருந்தால் பலன் அதிகம். பந்தில் 15 வீதத்துக்குக் குறைவு என்றால் சிறிது, 30 வீதத்துக்கு மேல் என்றால் பெரிது என்று கணக்கு வைத்திருக்கிறோம். உங்கள் அறிக்கையில் அந்த எண் இல்லை. எம்.ஆர்.ஐ. படத்தைக் கொண்டுபோய் "இடதில் எத்தனை வீதம், பாரம் விழும் இடத்திலா?" என்று கேளுங்கள். சிறிது என்றால் துளைப்பது நல்ல பந்தயம். மிகப் பெரிது என்றால் துளைத்தும் சரியக்கூடும் என்று தெரிந்துகொண்டே சம்மதியுங்கள். துளைத்தால் கட்டாயம் தப்பும் என்று யாராவது உறுதி தந்தால் நம்ப வேண்டாம்.

துளைத்த பின் சுமார் ஆறு வாரம் அந்தக் காலில் முழுப் பாரம் போடக்கூடாது, துளை போட்ட இடத்தில் எலும்பு முறியலாம். இங்கேதான் உங்களுக்கு ஒரு சிக்கல். இடதைத் தூக்கிப் பிடித்தால் பாரம் சரிந்த வலதில் இறங்கும். அதனால் சிலருக்கு ஒரே மயக்கத்தில் வலதை மாற்றி, இடதைத் துளைத்துவிடுவோம். மாற்றிய கால் அடுத்த நாளே பாரம் தாங்கும், அதை நம்பி இடதை ஆறவிடலாம். உங்கள் வைத்தியரிடம் இதைக் கேட்டுப்பாருங்கள். ஆனால் வலதுக்கான நாள் தள்ளிப்போகிறது என்றால், அதற்காக இடதையும் காக்க வைக்காதீர்கள். இரண்டு ஊன்றுகோலோ வோக்கரோ வைத்துச் சமாளித்தாவது இடதை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.

வலது இடுப்பும் மச்சானின் காசும்

மூட்டு மாற்றம் என்றால் செத்த பந்தை வெட்டி எடுத்து, தொடையெலும்புக்குள் ஒரு உலோகத் தண்டும் அதன் தலையில் உலோகத்தாலோ செரமிக்காலோ ஆன பந்தும், கிண்ணத்துக்குள் ஒரு புதுக் கிண்ணமும் வைப்பது. இங்கிலாந்தில் ஜோன் சார்ன்லி 1962இல் நிலைநிறுத்திய முறையின் வழித்தோன்றல்தான் இன்றைய எல்லா மூட்டுகளும். வலியைத் தீர்ப்பதில் இதற்கு நிகரான ஒப்பரேஷன் எங்கள் துறையில் குறைவு.

"60 வயது வரை பொறுத்திரு" என்று உங்களுக்குச் சொன்னவர்கள் பழைய காலத்துக் கணக்கைச் சொல்லியிருக்கிறார்கள். 39 வயதில் நடக்க முடியாமல், உழைக்க முடியாமல், தினமும் வலி மாத்திரையில் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டு 21 வருடம் காத்திருப்பதில் அர்த்தம் இல்லை. அதே நேரம் வயதைப் பொருட்படுத்தவே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். 2019இல் பல நாடுகளின் பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்ததில், மாற்றிய இடுப்பு மூட்டுகளில் பத்துக்கு ஆறு அளவு 25 வருடம் நின்றிருக்கின்றன. அதில் பெரும்பாலானோர் உங்களைவிட வயது கூடியவர்கள். ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாற்றிக்கொண்ட ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வாழ்நாளில் இன்னொரு ஒப்பரேஷன் தேவைப்படலாம் என்று பிரித்தானியக் கணக்கு ஒன்று இருக்கிறது. உங்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் கூட. இரண்டாவது முறை மாற்றுவது முதல் முறையைவிடக் கடினமான வேலை.

மச்சானுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். அவர் மனசு பெரிது, ஆனால் சரியாத இடதையும் சேர்த்து மாற்றுவது, ஓடிக்கொண்டிருக்கிற எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டுப் புது எஞ்சின் பூட்டுகிற மாதிரி. சொந்தப் பந்து இன்னும் பத்து வருடம் தாங்கினாலும் அது லாபம்.

அரச வைத்தியசாலையில் ஒப்பரேஷனுக்குக் கட்டணம் இல்லை. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் எலும்பு கிளினிக்கில் தொடங்குங்கள், தேவைப்பட்டால் மட்டக்களப்புக்கோ கொழும்புக்கோ அவர்களே கடிதம் தருவார்கள். செயற்கை மூட்டை வைத்தியசாலை தருமா, வெளியே வாங்க வேண்டுமா என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். மருத்துவ உதவிக்கு ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிப்பது பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். தனியார் என்றால் மொத்தச் செலவை எழுத்தில் வாங்குங்கள்: மூட்டு, அறை, உடற்பயிற்சிச் சிகிச்சை, திரும்பிக் காட்டும் செலவு எல்லாம் சேர்த்து.

ஆபத்துகளையும் மறைக்கக் கூடாது. மூட்டுக்குள் கிருமி பிடிப்பது நூறில் ஒருவர் அளவில் நடக்கிறது, நடந்தால் பெரிய தலையிடி. காலில் இரத்தம் உறைவது, மூட்டு விலகுவது, கால் நீளம் சற்று வித்தியாசப்படுவது, நரம்பு பாதிப்பு ஆகியவையும் உண்டு. புண், சொத்தைப் பல், சீனி வருத்தம் இருந்தால் முதலில் சரிசெய்ய வேண்டும். சிகரெட்டை இன்றைக்கே விடுங்கள், கால் போத்தலையும்தான்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்து வைக்கும் முன் உங்களுக்கு விளங்கும் மொழியில் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. தமிழும் அரசகரும மொழி, வைத்தியருக்குத் தமிழ் வராவிட்டால் வார்ட்டில் யாரையாவது கூப்பிட்டு விளக்கச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. படமும் உங்களுடையதுதான். இன்னொரு நிபுணரிடம் காட்டினால் முதல் வைத்தியர் கோபிப்பார் என்று பயப்பட வேண்டாம். நாங்களும் எங்கள் வீட்டு ஆட்களுக்கு அப்படித்தான் செய்கிறோம்.

எண்ணெயும் கறுப்புக் குளிசையும்

எண்ணெய் போட்டு உருவினால் தசை இளகும், இரண்டு நாள் இதமாக இருக்கும். அதில் எனக்குச் சண்டை இல்லை. பந்துக்குள் இரத்தம் மட்டும் அதனால் போகாது. காலைப் பிடித்து முறுக்கி "சுளுக்கு எடுப்பது" ஆபத்து, சரியும் தறுவாயில் இருக்கிற இடதை அது சரித்துவிடலாம். முறிவு நெரிவு வைத்தியர் தந்ததாக நீங்கள் சொல்லும் கறுப்புக் குளிசைதான் எனக்கு அதிகக் கவலை. பெயர் இல்லாத வலிக் குளிசைகளுக்குள் ஸ்டீரோயிட் கலந்திருப்பதைப் பார்த்திருக்கிறோம். விழுங்கினால் வலி மாயமாக மறையும், எலும்போ இன்னும் சாகும். மிச்சக் குளிசையை எறியாமல் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். நீண்ட நாள் எடுத்திருந்தால் அதைச் சட்டென்று நிறுத்துவதையும் வைத்தியரிடம் சொல்லித்தான் செய்ய வேண்டும். கல்சியம் மாத்திரையும் பாலும் கெடுதல் இல்லை, ஆனால் இது கல்சியம் குறைந்து வந்த வருத்தம் அல்ல.

கடல்

சிலிண்டர் கட்டி இறங்குவது முடிந்தது, தம்பி. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஐந்து பாகம்தானே, ஒரு சிலிண்டர்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மூட்டை ஒட்டிய எலும்பு இப்படிச் செத்தவர் அழுத்தக் காற்றில் மூச்சு வாங்கவே கூடாது, இடது தப்ப வேண்டும் என்றால். மூட்டு மாற்றி ஆறிய பிறகு நீந்தலாம், கரையில் நின்று செய்யும் வேலை செய்யலாம், ஓட்டோ ஓட்டலாம்.

முற்பணத்துக்குப் பதில் நான் சொல்ல முடியாது. நட்டஈடு கேட்கலாமா என்பது சட்டத்தரணி சொல்ல வேண்டியது. சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்டுப்பாருங்கள். அதற்கு முதல், சுழியோடத் தகுதி இல்லை என்று வைத்தியரிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதலாளியிடம் வாயால் பேசுவதைவிட அந்தக் கடிதம் நன்றாகப் பேசும்.

உங்களோடு இறங்கும் மற்றப் பெடியங்களுக்கும் இதைச் சொல்லுங்கள். ஏறி வந்தபின் மூட்டு குத்தினாலோ, கால் மரத்தாலோ, சிறுநீர் போக முடியாவிட்டாலோ, திரும்ப ஒரு சிலிண்டரோடு இறங்கி "சரிப்படுத்துவது" கூடாது, சாராயமும் கூடாது. உடனே வைத்தியசாலை, ஒட்சிசன். திருகோணமலைக் கடற்படையிடம் இதற்கான அழுத்த அறை இருக்கிறது, வைத்தியசாலை ஊடாகத்தான் அங்கே போக வேண்டும்.

கடைசியாக, சப்பாணி கட்டி இருந்து சாப்பிடலாமா, மகளைத் தூக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். மகளைத் தூக்கலாம், மூன்று மாதம் பொறுத்து. கோணேசர் மலைக்கும் ஏறலாம். சப்பாணியும் குந்தி இருப்பதும் எல்லா மூட்டுக்கும் ஒத்துவராது, உங்களுக்கு வைக்கும் மூட்டைப் பொறுத்து வைத்தியர் சொல்வார். முதல் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் எப்படியும் கூடாது, இடுப்பு 90 பாகைக்கு மேல் மடியக்கூடாது. ஆகவே கிளினிக்குக்குப் போகும் முன் வீட்டில் ஒரு வேலை: கட்டில், கதிரை, மலசலகூடம் மூன்றின் உயரத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நின்றால் உங்கள் முழங்கால் வருகிற உயரத்துக்குக் குறையாமல் மூன்றும் இருக்க வேண்டும். கட்டிலுக்குச் செங்கல் போதும். குந்தும் மலசலகூடம் என்றால் கொமட் வைக்க மேசனுக்கு இப்போதே சொல்லிவிடுங்கள்.